எக்ஸ்பிரஸுக்கு எந்தப் பூ ஆகும்?

என் சக்களத்தி முப்பத்தெட்டுக் கிலோ. ஆப்பிரிக்க ஆமை. பெயர் எக்ஸ்பிரஸ். முப்பத்தோரு வருஷம் தைனான் நகரத்தில் பஸ் ஓட்டிய மனுஷன் ஒரு ஆமைக்கு வேறு என்ன பெயர் வைப்பார், சொல்லுங்கள். நான் சக்களத்தி என்று சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் தியாம்சாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவன் ஆம்பளை, வாயைக் கழுவு என்பார். ஆம்பளையாம். காலையில் எழுந்ததும் யார் முகத்தில் விழிக்கிறார்? என் முகத்திலா? குளிர் வந்தால் யாருக்குக் கம்பளி போர்த்துகிறார்? எனக்கா? அப்புறம் அதை நான் வேறு எப்படிக் கூப்பிடுவது?

என் பெயர் பிக்ஹா. வாய்க்கால் கரைச் சந்தில் காலை டிபன் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சந்து முழுக்க என்னை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடும். கட்டின புருஷனும் அப்படித்தான், ஆனால் அவர் வாயில் அது கிண்டல். பதிலுக்கு நான் அவரைப் பெரிசு என்பேன்.

வாய்க்கால் கரை நெடுக இலவ மரங்கள். மார்ச் வந்தால் ஓர் இலை இருக்காது, கிளை முழுக்கச் சிவப்புதான். பூ ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தொப்பென்று விழும், தலையில் விழுந்தால் வலிக்கும். விழுந்த பூவைப் பொறுக்கி வெயிலில் காயவைத்து, கோடையில் கற்கண்டு போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்தால், அந்தப் பூத்தண்ணீருக்கு என் கடை வாசலில் ஆள் நிற்கும். எக்ஸ்பிரஸும் அதே பூவைத்தான் தின்னும். அங்கேதான் வந்தது வினை. நான் விடியுமுன் அடுப்பு பற்றவைத்து, சோயாப்பால் காய்ச்சி, முட்டை ரொட்டிக்கு மாவு கரைத்து நிமிர்வதற்குள், பெரிசு வாளியோடு மரத்தடிக்குப் போய் நல்ல பூவையெல்லாம் அள்ளிவிடுவார். பின்னாலேயே எக்ஸ்பிரஸ் ஆடி அசைந்து போகும். எனக்கு மிஞ்சுவது சைக்கிள் ஏறி நசுங்கினது.

திட்டுவேன். தின்று தொலையட்டும், தின்றே சாகட்டும் என்று சந்து கேட்கத் திட்டுவேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு இந்த மனுஷன் இரண்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி ஓடும், அவர் சுவரைப் பார்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், எழுந்து போகச் சொன்னால் போவார். எனக்கு அப்போது உண்மையிலேயே பயமாக இருந்தது. மாடியில் குடியிருந்தவன் வீட்டைக் காலி செய்துவிட்டு, கழுவும் தொட்டியில் இந்த ஆமையை விட்டுப்போன அன்றைக்குத்தான் அவர் எழுந்தார். அதற்குப் புல் வேண்டும் என்று வெளியே போனார். ஆறு வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறார். அதனால் நான் எவ்வளவு திட்டினாலும் அது உயிரோடு இருக்க வேண்டும். அந்த நாற்காலி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

விழுந்த பூவை ஆமைக்குக் கொடுக்கலாமா என்பது என் கடையில் வருஷா வருஷம் மார்ச் மாதத்து வழக்கு. கௌ வாத்தியார் கொடுக்கவே கூடாது என்பார், தரையில் கிடந்ததை மனுஷன் தின்பானா என்று கேட்பார். தரையில் கிடந்த பூவைக் காய்ச்சிய தண்ணீரைத்தான் அவர் போன கோடை முழுக்க என் கடையில் குடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மீன் உருண்டை விற்கும் அகுவெய், ஆமைக்குத் தெரியாதா எது ஆகும் எது ஆகாது என்பான். எல்லோரும் பேசி முடித்ததும் பெரிசு கையில் முள்ளங்கி அப்பத்தோடு எழுந்து தீர்ப்புச் சொல்வார். பஸ்ஸில் கடைசி நிறுத்தம் சொல்கிற அதே குரல். இலவம்பூ ஆகும், செம்பருத்தி ஆகும். பொழுது விடிந்தபின் விழுந்ததாக இருக்க வேண்டும். எறும்பை உதற வேண்டும். கொசு மருந்து அடித்த வாரம் தெருவோரப் பூ எதுவுமே கிடையாது. அரளியைத் தொடவே கூடாது. மண்சாமி கோயில் முற்றத்துக் கல்யாணமுருங்கைப் பூ, அது சிவப்பாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, அதில் விஷம்.

அந்தத் தீர்ப்பை நான் ஆறு வருஷம் கேட்டிருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் நான் தந்திரம் செய்தேன். சாயங்காலமே மரத்தடிக்குப் போய் அன்றன்றைக்கு விழுந்த பூவைப் பொறுக்கி, நாலு நாளில் ஒரு பெரிய மூங்கில் தட்டு நிறையச் சேர்த்து, பின்கட்டில் காயவைத்தேன். ஐந்தாம் நாள் பார்த்தால் தட்டு காலி. எக்ஸ்பிரஸின் வாயோரம் மஞ்சள் மகரந்தம். பெரிசு தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். அது தானே எட்டித் தின்றதாம். ஆமை எட்டுமாம், இடுப்பு உயரத் தட்டை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் இந்த வீட்டில் பயப்பட வேண்டும்.

மறுநாள் விடிந்ததும், மாவு கரைத்துவைத்துவிட்டு, முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு நேராகக் கோயில் முற்றத்துக்குப் போனேன். கல்யாணமுருங்கைப் பூ தரையெல்லாம் கிடந்தது. ஒரு முறம் நிறையப் பெருக்கி வாரினேன். பின்கட்டுக்கு வந்து எக்ஸ்பிரஸின் மூக்குக்கு முன்னால் அப்படியே கொட்டினேன். "தின்னு. உனக்குப் பூதானே வேணும்?" என்றேன். அதற்குள் கடையில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

கூட்டம் குறைந்து பத்து மணிக்குத் திரும்பி வந்தேன். சிமெண்டுத் தரையில் ஒரு பூ இல்லை. ஓர் இதழ் கூட இல்லை.

அன்று மதியம் எக்ஸ்பிரஸ் புல்லைத் தொடவில்லை. மறுநாள் பெரிசு வைத்த இலவம்பூவையும் முகர்ந்துவிட்டு நகர்ந்தது. மூன்றாம் நாள் பின்கட்டில் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வந்து, மூலையில் நின்று, பின்னங்கால்களால் சிமெண்டைப் பறண்டியது. பறண்டும், கொஞ்சம் நகரும், மறுபடி பறண்டும். வெங்காயத்தாள் பாத்தியைச் சுற்றி நான் கட்டிவைத்த கம்பி வேலியில் போய் முட்டும். வயிற்று வலியில் துடிக்கிறது என்று நினைத்தேன். முறத்திலிருந்து பூ விழுந்தது என் கண்ணிலேயே நின்றது. முட்டை ரொட்டி இரண்டு கருகியது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் ரொட்டியைக் கருகவிட்டதில்லை.

பெரிசு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி. எங்கே வெட்டிக்கொண்டீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. நாலாம் நாள் காலை அவர் மரத்தடிக்குப் போகவில்லை. உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தொலைக்காட்சியைப் போட்டார். சுவரைப் பார்த்தார்.

நான்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்தில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது, அந்த வாய்க்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டியதை, புருஷனிடம் சொல்ல வேண்டியதை, சாமியிடம் கேட்கப் போனேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற தப்புதான் இது. மனுஷனிடம் பேசப் பயமாக இருந்தால் கோயிலுக்குப் போய்க் கட்டை போடுவது.

கட்டை என்பது பிறை வடிவில் இரண்டு மரத்துண்டு. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. கேள்வியைச் சொல்லிக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழுந்தால் சாமி ஆமாம் என்கிறது. இரண்டும் மேடு என்றால் இல்லை. இரண்டும் தட்டை என்றால் சாமி சிரிக்கிறது. சும்மா கேட்கவும் கூடாது. யாருக்காகக் கேட்கிறோமோ அவர்கள் பெயர், ஆணா பெண்ணா, விலாசம் எல்லாம் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாமி எந்த வீட்டைப் போய்ப் பார்க்கும்?

ஊதுவத்தி ஏற்றி முழங்கால் போட்டேன். வாய்க்கால் கரைச் சந்து, பதினேழாம் எண் வீடு, பெயர் எக்ஸ்பிரஸ், ஆண், ஆமை, பிழைக்குமா என்று கேட்டுப் போட்டேன். இரண்டும் தட்டை. மறுபடி விலாசத்தை நிதானமாகச் சொல்லிப் போட்டேன். தட்டை. பிழைக்க வைத்தால், அரிசி மாவில் ஆமை உருவமாகச் செய்கிற சிவப்பு ஆமைப் பணியாரம் பன்னிரண்டு படைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு மூன்றாம் முறை போட்டேன். இரண்டும் மல்லாந்து கிடந்து என்னைப் பார்த்தன.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஹாங் அண்ணன் வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். "மூணு தடவையும் சிரிக்குதா? அப்ப பதில் தெரிஞ்சுக்கிட்டே நீ வந்து கேக்குறேன்னு அர்த்தம். வீட்டுக்குப் போ முதலாளியம்மா" என்றார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். ஒரு ஜீவன் செத்துக்கொண்டிருக்கிறது, இந்தச் சாமிக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்தேன். கடையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். அடுப்பை அணைத்து, அவர்களை எழுப்பி அனுப்பி, ஷட்டரை இறக்கினேன். கௌ வாத்தியார் பாதிக் கோப்பை சோயாப்பாலோடு தெருவில் நின்றார். அகுவெய்யின் குட்டி லாரியைக் கூப்பிட்டேன். நாற்காலியில் இருந்த மனுஷனை எழுப்பினேன். மூன்று பேருமாகச் சேர்ந்து எக்ஸ்பிரஸைத் தூக்கி மீன் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து ரயிலடிப் பக்கம் இருக்கும் விலங்கு மருத்துவமனைக்குப் போனோம். வழியெல்லாம் மீன் நாற்றம். பெரிசு ஓட்டின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

டாக்டர் ஜுவாங் சின்னப் பெண். ஆமையைத் தட்டிப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், படம் எடுக்க உள்ளே அனுப்பினாள். அந்த நேரத்தில், போன வாரம் என்னென்ன சாப்பிட்டது என்று கேட்டாள். பெரிசு வரிசையாகச் சொன்னார். புல், செம்பருத்தி இலை, இலவம்பூ, நான் காயவைத்த ஒரு தட்டு இலவம்பூ. அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வேறு எதுவும் இல்லையா என்று அவள் கேட்டாள்.

"இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "கோயில் கல்யாணமுருங்கைப் பூ. ஒரு முறம். நான்தான் குடுத்தேன். பத்து மணிக்கு வந்து பாத்தேன், ஒண்ணு கூட மிச்சமில்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். பெரிசு என் பக்கம் திரும்பினார்.

"அது தின்னல" என்றார்.

"தரையில ஒண்ணுமே இல்லையே."

"நான் அள்ளிட்டேன். மாடியில பல் தேச்சுட்டு நின்னேன், நீ கொட்டுறதப் பாத்தேன். ஓடி வந்து பனியன்ல வாரிட்டுப் போய் கோயில் மரத்தடியிலேயே போட்டுட்டேன். ஒரே ஒரு பூ வாயில இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டேன்." பிளாஸ்திரி விரலைத் தூக்கிக் காட்டினார். "கடிச்சிடுச்சு."

நாலு நாள். நாலு நாள் நான் சோறு இறங்காமல், கொலைகாரி என்று என்னையே திட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று அந்த மருத்துவமனையே அதிரக் கத்தினேன். பூனை ஒன்று கூண்டுக்குள் பின்வாங்கியது. அவர் நிதானமாக, "நீ கவலைப்படுறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? தினமும் அதைச் சாகச் சொல்றவ நீ" என்றார். அகுவெய் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியது.

பூவும் இல்லை என்றால் வேறு என்ன நோய் என்று நான் கேட்குமுன் படம் வந்துவிட்டது. டாக்டர் அதை வெளிச்சப் பலகையில் மாட்டினாள். எக்ஸ்பிரஸின் வயிறு முழுக்க உருண்டை உருண்டையாக, டேபிள் டென்னிஸ் பந்து அளவில். பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பத்தொன்பது.

"நோய் இல்ல மாமா. முட்டை. ஜோடி இல்லேன்னாலும் இந்த வயசுல முட்டை வரும், பொரியாது, அவ்ளோதான். முட்டை போடுற சமயத்துல சாப்பிடாது. தோண்ட மண் தேடும். உங்க வீட்டுல மண்ணு இருக்கா?"

பெரிசு படத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து பார்த்தார். ஆறு வருஷம். ஆம்பளை. வாயைக் கழுவு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவர் பக்கத்தில் போய் நின்று, டாக்டரிடம், "என் சக்களத்திய எப்பம்மா கூட்டிட்டுப் போலாம்?" என்று மட்டும் கேட்டேன். அகுவெய் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சிரித்து முடித்த பிறகு மண் ஞாபகம் வந்தது. எங்கள் பின்கட்டில் ஒரு பாத்தியைத் தவிர எல்லாம் சிமெண்டு. அந்தப் பாத்தியில் என் வெங்காயத்தாள். முட்டை ரொட்டிக்கு அன்றன்றைக்குப் பறித்துப் போடுவது, ஆறு வருஷமாகக் கம்பி கட்டி அந்த ஆமையிடமிருந்து நான் காப்பாற்றியது. வீட்டுக்கு வந்ததும் பெரிசு வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானே கம்பியைப் பிடுங்கினேன். வெங்காயத்தாளைக் கத்தை கத்தையாகப் பிடுங்கி வாளியில் போட்டேன். மண்ணைக் கொத்தி, ஒரு முழ ஆழத்துக்கு இளக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு நகர்ந்தேன். எக்ஸ்பிரஸ் நடுவில் போய் நின்று தோண்ட ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம் தோண்டியது. பிறகு ஒவ்வொன்றாக முட்டை போட்டது. நாங்கள் இருவரும் கவிழ்த்துப்போட்ட இரண்டு வாளிகள் மேல் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு ஏனோ கண் கலங்கியது.

அப்போதுதான் கேட்டேன். அன்றைக்கே கீழே வந்து, ஏண்டி அந்தப் பூவைக் கொடுத்தாய் என்று என்னைத் திட்டியிருக்கலாமே.

"ஆறு வருஷத்துல மொத தடவையா நீயா அதுக்கு ஒரு வாய் குடுத்தே" என்றார். "அது தப்பான பூன்னு சொன்னா, அப்புறம் குடுக்க மாட்டியேன்னு விட்டுட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் அன்பாகக் கொடுத்தேன் என்று இந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரியாமல் கொடுத்தேன் என்று. ஆறு வருஷம் தீர்ப்பைக் கேட்டவள் நான். தெரிந்துதான் கொடுத்தேன். கடைசி முட்டைக்கு மேல் எக்ஸ்பிரஸ் மண்ணைத் தள்ளி மூடும்வரை அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து நேர்த்திக்கடன் கொடுக்கப் போனேன். சிவப்பு ஆமைப் பணியாரம் பன்னிரண்டு, ஒன்றொன்றின் முதுகிலும் ஓட்டு வரிகள். பதினேழாம் எண் வீடு, எக்ஸ்பிரஸ், பெண் என்று இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்லி, ஏற்றுக்கொண்டாயா என்று கேட்டேன். முதல் வீச்சிலேயே ஆமாம் விழுந்தது. ஹாங் அண்ணன் கடலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குக் கேட்காதபடி, குனிந்து, மெதுவாக இன்னொன்றும் கேட்டேன். உண்மையைப் பெரிசிடம் சொல்லட்டுமா?

இரண்டும் தட்டை. சாமி சிரித்தது.

ஹாங் அண்ணன் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. கட்டையை எடுத்துவைத்துவிட்டு, படைத்த பணியாரத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் இலவ மரத்தடியில் நின்று, புதிதாக விழுந்த பூ ஏழெட்டுப் பொறுக்கி எறும்பு உதறி மடியில் போட்டுக்கொண்டேன். பின்கட்டில் பெரிசு எக்ஸ்பிரஸின் ஓட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் ஒரு பணியாரத்தை வைத்து அவர் கையில் கொடுத்தேன். பூவை எக்ஸ்பிரஸின் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தேன். தின்ன ஆரம்பித்தது.

"பெரிசு" என்றேன். "அன்னைக்கு அந்தப் பூ ஆகாதுன்னு எனக்குத் தெரியும். கோவத்துல தெரிஞ்சுதான் கொட்டினேன்."

அவர் பணியாரத்தைக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"தெரியும்" என்றார். "கொட்டின சத்தத்துலயே தெரியும். முப்பது வருஷமா என் தட்டுல சோறு அப்படித்தானே விழுது. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பிறகு இன்னொரு பணியாரம் கேட்டார். அந்தப் பணியாரத்தை அவர் தட்டில் மெதுவாக வைத்தேன்.